தம்பதியாக வந்தால் தங்குமிடம் இலவசம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வார இதழ் ஒன்றின் விடுமுறைச் சிறப்பிதழுக்காக, தீம் பார்க் போகிற குடும்பங்கள் சாப்பாட்டிலும் தங்குமிடத்திலும் எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நான் தீம் பார்க் போனதில்லை. தலைகீழாகத் தொங்குவதற்குக் காசு கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கேட்டவர் ஆசிரியர், நான் எழுதி வயிற்றைக் கழுவுகிறவள். ஆகட்டும் சார் என்று சொல்லிவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அக்கா அப்போதுதான் அப்படி ஒரு பயணம் போய்வந்திருந்தாள். அதுவும் கூப்பனோடு.

கூப்பன் என்பது இங்கே ஓர் ஆள். அக்காவின் கணவர், எனக்கு அத்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிற நிறுவனத்தில் மேற்பார்வையாளர். எங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அது. அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எந்தக் கடையிலும் தள்ளுபடி கிடைக்காதே.

அக்கா குறிப்புகளைக் கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் நிறுத்தி, "ஏண்டி, நீ கதை எழுதறவதானே. ஒருத்தர் பேசறது பொய்யா நிஜமான்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். கட்டுரை அந்த இடத்திலேயே செத்தது.

விஷயம் இதுதான். அக்காவும் அத்தானும் சில மாதங்களாகத் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் அத்தான் ஒரு வார்த்தை சொன்னார். அது நிஜமென்றால் அக்கா திரும்பிப் போய்விடுவாள். பொய்யென்றால் போகவே மாட்டாள். நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம்.

2

முதல் வரி வரவில்லை. வந்ததையெல்லாம் அடித்தேன். அடித்ததை உங்களிடம் மறைப்பானேன்.

பேருந்து கிளம்பியபோது அவள் ஜன்னலோரம் அமர்ந்து

(வேண்டாம். கதைகளில் மனம் சரியில்லாத பெண்கள் எல்லோரும் ஜன்னலோரமாகவே உட்காருகிறார்கள். தவிர, அத்தான் ஜன்னலோரம் பதிவு செய்யவில்லை. அதற்குக் கூடுதல் கட்டணம்.)

சிக்கனம் என்பது அன்பின் இன்னொரு

(இதை எழுதின கையை உடைக்க வேண்டும். இன்னொரு என்ன? யாருக்குத் தெரியும்?)

பேசாமல் ஆசிரியருக்காக எடுத்து வைத்த குறிப்புகளையே போடுகிறேன். எல்லாம் அத்தான் முந்தைய பயணங்களில் தாமே சோதித்துப் பார்த்தவை.

பூங்காவின் சொந்த விடுதிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பேருந்தில் கொஞ்சம் தள்ளிப் போய், அடுப்பு உள்ள அறையாக எடுங்கள். உள்ளே நுழைந்ததும் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள், மெத்தையை அப்புறம் அமுக்கிப் பார்க்கலாம். காலித் தண்ணீர் பாட்டிலை வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் குடிநீர்க் குழாய் இருக்கும். மதியச் சாப்பாட்டை ஊரே சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடுங்கள், ராத்திரி வரை தாங்கும். ஒரு தட்டு வாங்கி மூன்று கரண்டி கேளுங்கள், கேட்கும்போது நெளியாதீர்கள். வாசலில் பையைத் துழாவுகிறவர்கள் வெளிச் சாப்பாட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், குழந்தை உணவை விட்டுவிடுவார்கள். ஆகவே அவித்த முட்டையும் ரொட்டியும் வாழைப்பழமும் குழந்தையின் பைக்குள் இருக்கட்டும். அந்தப் பையிலிருந்து ஒரு பொம்மையின் தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இன்ன வயதுக்குக் கீழே என்றால் குழந்தைக்குச் சாப்பாடு இலவசம். வயது என்பது நாம் சொல்வதுதான்.

அந்தக் கடைசி வரியை ஆசிரியர் வெட்டியிருப்பார். எனக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

3

அத்தான் கஞ்சன் இல்லை. இதை அக்கா மூன்று தடவை அழுத்திச் சொன்னாள், நானும் ஒப்புக்கொள்கிறேன். மகளுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது கடையிலேயே நல்லதைத்தான் வாங்கினார். ஆனால் கேட்ட விலைக்கு வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் வேலை பார்க்கிறேன் என்று ஒரு பொய், மனைவிக்கும் அடுத்த மாதம் போட வேண்டும் என்று இன்னொரு பொய். வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லி எது குறைகிறதோ அதைக் குறைப்பார். அவருக்குப் பேச்சு என்பது திருப்புளி மாதிரி, கழற்ற வேண்டியதைக் கழற்றினால் போதும்.

அப்படித்தான் கல்யாண நாளும். ஹோட்டலில் இன்று எங்கள் கல்யாண நாள் என்று சொன்னால் ஒரு கேக் துண்டு ஓசியில் வரும். அக்காவுக்கும் அத்தானுக்கும் வருடத்துக்கு நாலைந்து கல்யாண நாள். ஆரம்பத்தில் அக்காவும் கூடவே சிரித்தாள், சர்வர் கேக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது வெட்கப்படுவதுபோல் நடிப்பாள். பிரமாதமாக நடிப்பாள். பிறகு ஒரு தடவை நிஜமான கல்யாண நாள் வந்தது.

"அதே குரல்டி. அதே சிரிப்பு. சர்வர் பக்கம் அதே மாதிரி குனிஞ்சு, இன்னிக்கு எங்க கல்யாண நாள்ங்கறார். எனக்குத் தலையே சுத்திருச்சு. ஞாபகம் இருந்து சொல்றாரா, கேக்குக்குச் சொல்றாரா?"

"கேட்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. என்ன கேள்வி இது, கேக் வருதான்னு பாருன்னார்."

கேக் வந்தது. அக்கா தொடவில்லை. அவர் அதைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்குப் பின்தெருவில் வாடகைக்கு வந்துவிட்டாள்.

ஒரு கேக்குக்காகவா என்று உறவில் வாய் உள்ளவர்கள் எல்லோரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. ஒரு மனுஷன் சொல்வதில் எது நமக்கு, எது கடைக்காரனுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியாவிட்டால், அவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? எனக்கு அத்தான்மேல் ஆத்திரம். இப்போதும் அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். ஆகையால் என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

4

பாப்பாவுக்கு ஏழு வயது. தீம் பார்க் கூட்டிப்போகிறேன் என்று அத்தான் வாக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் அந்த விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. பூங்காவுக்கு எதிரிலேயே அடுக்குமாடி விடுமுறை வீடுகள் கட்டியிருக்கிறார்கள். இரண்டு இரவு இலவசம், காலைச் சாப்பாடு இலவசம். பதிலுக்கு அவர்கள் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வருடா வருடம் அங்கே தங்குகிற திட்டத்தில் சேரும்படி அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கணவன் மனைவி இருவரும் அடையாள அட்டையோடு வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் கிடையாது.

அத்தான் அக்காவுக்கு ஃபோன் செய்தார்.

"நீ வந்தாத்தான் ரூம் ஃப்ரீ. கிளம்பி வா."

[இங்கே அக்கா பென்சிலால் அடித்திருக்கிறாள். என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். "அப்படிச் சொல்லல. முடிஞ்சா வான்னார். நீ ஏன் அவரை அடியாள் மாதிரி பேச விடறே?"]

சரி. "முடிஞ்சா வா. நீ வந்தா ரூமும் ஃப்ரீ" என்றார்.

"ரூமுக்காகக் கூப்பிடறீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"பாப்பாவுக்குச் சொல்லிட்டேன்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. அக்காவுக்கும் தெரிந்தது. ஆனாலும் பையை எடுத்து அடுக்கினாள்.

5

வரவேற்பு மேசையில் அத்தான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பாப்பா அக்காவின் கையை இழுத்தாள்.

"அம்மா, இங்க நான் அஞ்சு வயசுதானே?"

"ம்."

"நீங்க ரெண்டு பேரும் என்ன?"

"என்னன்னா? எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா இப்ப போலவா, முந்தி போலவா?"

மேசைக்குப் பின்னால் நின்ற பெண் காதில் விழாததுபோல் சாவியை நீட்டினாள். அத்தான் பேனாவை மூடி வைத்துவிட்டு, "முந்தி போல" என்றார்.

குழந்தை தலையாட்டியது. அதற்கு இதெல்லாம் அத்துப்படி. வாசலில் ஒரு வயது, வீட்டில் ஒரு வயது. இங்கே ஒரு அப்பா அம்மா, ஊருக்குப் போனால் வேறு அப்பா அம்மா.

இரவு அக்காவும் பாப்பாவும் கட்டிலில். அத்தான் கூடத்துச் சோபாவில், கால் வெளியே நீட்டிக்கொண்டு. வேறொன்றும் நடக்கவில்லை. நடந்தது என்று எழுத ஒரு பத்தி தயாராக இருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நானே கிழித்துப் போட்டேன்.

6

மறுநாள் காலை அந்த அலுவலகம். சுவர் முழுக்க நீச்சல் குளப் படங்கள். ஓரத்தில் காபி இயந்திரம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குழந்தைகள் விளையாட ரப்பர் பந்துகள். பாப்பா அதற்குள் குதித்துவிட்டாள். போகும் வழியிலேயே அத்தான் அக்காவுக்குப் பாடம் எடுத்திருந்தார். "எதைக் கேட்டாலும் ஆமா சொல்லு. கடைசில மட்டும் முடியாதுன்னு சொல்லிடுவோம். நடுவுல மூஞ்சியைச் சுளிக்காத, சீக்கிரம் அனுப்பிடுவானுங்க, அப்புறம் ரூமுக்குக் காசு கேப்பானுங்க."

விற்பனைக்காரர் இளைஞர், சிரித்த முகம். நேராக விலைக்குப் போகவில்லை. உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார். கடைசியாக எங்கே போனீர்கள், யாருக்கு மலை பிடிக்கும், யாருக்குக் கடல். அத்தான் ஆமாம் ஆமாம் என்று தட்டிக்கொண்டே வந்தார். பிறகு விற்பனைக்காரர் கேட்டார், "இப்ப உங்க வீட்ல எது குறையா இருக்குன்னு நெனைக்கறீங்க சார்?"

எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. நேரம் இல்லை என்று சொல்வார்கள், சேர்ந்து இருக்க முடிவதில்லை என்பார்கள். அதற்குத்தான் சார் எங்கள் திட்டம் என்று அவர் எடுத்துவிடுவார்.

அத்தான் சொன்னார், "சத்தம் இல்லைங்க. நான் சாயந்திரம் வேலை முடிஞ்சு வந்ததும் டிவியைப் போட்டுட்டு, போயி சமையல்கட்டுல நிக்கறேன். பாக்கறதுக்கு இல்ல. சத்தத்துக்கு. தூங்கறப்பவும் அணைக்கறதில்ல."

விற்பனைக்காரர் புரியாமல் தலையாட்டினார். அக்கா அத்தான் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு அப்பால் பந்துகளுக்குள் முங்கிப்போன பாப்பாவின் தலையைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

இதுதான் அந்த வார்த்தை. இதைத்தான் பொய்யா நிஜமா என்று கேட்டாள்.

7

நிஜம் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. அறையை விட்டு வெளியே வந்தால் அடுத்த நொடி மின்விசிறியை நிறுத்துகிற மனுஷன் அவர். ஆளில்லாத கூடத்தில் டிவியை ஓட விடுவாரா? ஓட விடுகிறார் என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

பொய் என்பதற்கும் அதேதான் சாட்சி. நல்ல பொய்க்கு ஒரு நல்ல விவரம் வேண்டும். கேட்கிறவர் அட என்று நிமிர வேண்டும். நான் இதைத் தொழிலாகச் செய்கிறவள், எனக்குத் தெரியாதா? டிவி, சமையல்கட்டு, சத்தம். என் கையில் கிடைத்திருந்தால் ஒரு வரிகூட மாற்றியிருக்க மாட்டேன். அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.

இன்னொன்றும் தோன்றியது. பொய் சொன்னால் காசு மிச்சமாகிற ஓர் இடத்தில்தான் அந்த ஆளுக்கு நிஜம் பேசவே வாய் வருமோ? வீட்டில் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாததை, யாரோ ஒரு விற்பனைக்காரனிடம், ஓசி அறைக்காகச் சொல்வதுபோல் சொன்னால்தான் வருமோ? இதை எழுதிவிட்டு நானே படித்துப் பார்த்தேன். கதாசிரியை அத்தானுக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருந்தது. [அக்கா பென்சிலால்: "இருக்கட்டும். இதை அடிக்காதே."]

8

அதற்குப் பிறகு கூப்பன் ஒரு காரியம் செய்தார். அவரை அறிந்தவர் யாரும் நம்ப மாட்டார்கள்.

திட்டத்தின் நிபந்தனைகள் முழுவதையும் நிதானமாகப் படித்தார். கட்டடத்து லிஃப்டுக்குக் கடைசியாக எப்போது சோதனை நடந்தது என்று கேட்டார், விற்பனைக்காரர் முழித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "கையெழுத்துப் போட்டுடலாமா?" என்றார்.

முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவரே கற்றுக்கொடுத்த இடம்.

"நீ என்னக்கா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. பேனா கைல இருந்துச்சு. போட்டேன். அவரும் போட்டார்."

ஆக, அடுத்த பல வருடங்களுக்கு, வருடம் ஒரு வாரம், இருவரும் சேர்ந்து தங்குவதற்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. கூப்பன் முழு விலைக்கு ஒன்று வாங்கிவிட்டார். கதை இங்கே முடிந்திருந்தால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசிரியருக்கு அனுப்பியிருப்பேன்.

திரும்பி வருகிற பேருந்தில், பாப்பா மடியில் தூங்க, முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி அத்தான் சொன்னார், "ரத்து பண்ண டைம் இருக்கு. ஃபோன் பண்ணாப் போதும். காசு முழுசா வந்துரும்."

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லா நிபந்தனையும் படித்த மனுஷன். கையெழுத்துப் போடும்போதே அவருக்கு இது தெரியும். விற்பனைக்காரனிடமிருந்து தப்பிக்கப் போட்ட கையெழுத்தா? இரண்டு இரவு ஓசி, அதற்கு மேல் ஒரு நாடகமா?

ரத்து செய்ய இருவரில் ஒருவர் சொன்னால் போதும். ஒருவர் ரத்து செய்தால் மற்றவரின் ஃபோனுக்குச் செய்தி போய்விடும். ஊர் திரும்பிய நாளிலிருந்து அக்கா ஃபோனும் கையுமாக இருக்கிறாள். அந்தச் செய்தி வந்தால் எல்லாம் பொய். இதுவரை வரவில்லை. கெடு இன்றோடு முடிகிறது, நிறுவனத்தின் அலுவலகம் சாயந்திரம் மூடுகிற வரை. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டு அக்கா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் கண்முன்னாலேயே முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

9

முடிவு ஒன்று. அலுவலகம் மூடப்போகிற நேரம் ஃபோன் மினுங்குகிறது. உங்கள் உறுப்பினர் திட்டம் ரத்து செய்யப்பட்டது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாள். அவளுக்கு ஆச்சரியமாக

முடிவு இரண்டு. மூடுகிற நேரம் கடந்துவிட்டது. செய்தி வரவில்லை. வாசலில் மணி அடிக்கிறது. அவர் நிற்கிறார், கையில் ஒன்றும் இல்லை, சொல்லவும் ஒன்றும்

அக்கா இரண்டையும் படித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டுலயும் நான் சோபாவுலயே உக்காந்திருக்கேன்."

"முடிவு அவர் கைலதானே இருக்கு, அதான்."

"என் கையெழுத்தும்தான் இருக்கு அதுல."

எனக்குச் சுரீரென்றது. இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன். விற்பனைக்காரர் அத்தானிடம் கேட்டதை எழுதினேன். அதே மேசையில் அக்காவும் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் அவர் ஏதாவது கேட்டிருப்பார் அல்லவா? அவள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. துப்பறிகிறவள் மாதிரி ஓர் ஆளையே மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்கிட்ட அந்த ஆளு என்ன கேட்டான்?"

"வயசான காலத்துல ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்கன்னு நெனைக்கறீங்க மேடம்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். "இவர் ஒவ்வொரு கடையா ஏறி விலை கேட்டு முடிக்கற வரைக்கும் நான் வெளிய பையோட நிப்பேன்னேன். நின்னு பழகிருச்சுங்க, இப்பல்லாம் தனியாப் போனாக்கூடக் கடை வாசல்ல கால் நின்னுருதுன்னேன்."

"நிஜமாச் சொன்னியா, ரூமுக்குச் சொன்னியா?"

அக்கா என்னை நேராகப் பார்த்தாள். "ரூம் ஃப்ரீயா வேணும்ல" என்றாள்.

சிரிக்கவில்லை. கூடப் பிறந்தவள் நான், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

10

அப்படியென்றால் அத்தானுக்கு மட்டும் எப்படிப் பிடிபட்டிருக்கும்? ஆமா சொல்லு, முகத்தைச் சுளிக்காதே என்று சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போனவர் அவர். கடை வாசலில் கால் நின்றுவிடுகிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு அவர் என்ன நினைத்திருப்பார்? எனக்கா, ரூமுக்கா என்றுதானே? பேருந்தில் அவர் சொன்னது அவளுக்கு வழிவிட்டதாகவும் இருக்கலாம், விருப்பம் இல்லையென்றால் நீயே ரத்து செய்துகொள் என்று. இந்த நிமிடம் அவரும் ஏதோ ஒரு கட்டடத்தில், திறந்து வைத்த லிஃப்டுக்குப் பக்கத்தில், செய்தி வந்துவிடுமோ என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

இதைத் தப்பாகக்கூடச் சொல்கிறேனோ என்னவோ. ஆனால் சொல்லிவிட்டேன், அக்காவிடம், வாய்விட்டு.

அவள் முகம் வெளுத்தது. "அப்ப இத்தனை நாளா அவரும்..." என்றாள். எழுந்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். நிறுவனத்தோடா, அவரோடா, தெரியவில்லை. ஒரு கையால் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்திருக்கிறாள். உதடு அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. நடுவில் கண்ணைத் துடைத்தாள். அதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, இரண்டு ஃபோனுக்கும் அழுகை வரும்.

கதை எழுதுகிறவர்கள் சாத்தின கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிற இனம். இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. ஆனாலும் நான் திறக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே திறந்துகொண்டு வந்து, யாரோடு பேசினாள், என்ன பேசினாள் என்று சொல்வாள். அவள் வாயை மூடுவதற்குள் நிஜமாவா என்று என் வாய் கேட்டுவிடும், எனக்குத் தெரியும். எட்டு மாதமாக அந்தக் கேள்விதான் இவர்கள் நடுவில் படுத்துக் கிடக்கிறது. அதை இன்னொரு தடவை கேட்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது.

ஆகவே நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாப்பாவைக் கூட்டிவருகிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள், சோபா காலியாகத்தான் இருக்கிறது. அக்கா உள்ளே வந்து என்ன சொன்னாலும் சரி, அப்படியே நம்பிவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் அதைச் செய்ய ஓர் ஆள் இல்லை.